தூரம் தின்ற கிரேடர்

ஊமத்தம்பாளையத்துக்கும் காரைப்புதூருக்கும் நடுவில் ஒன்பது கிலோமீட்டர் செம்மண் ரோடு கிடந்த நாளில், காலையில் வாசல் தெளிக்கும்போது அந்த ரோட்டுக்கும் ஒரு கை தண்ணீர் சேர்த்துத் தெளித்துக் கும்பிட்டவள் ஊரிலேயே நான் ஒருத்திதான், ஏனென்றால் என் மகள் மைதிலியைக் காரைப்புதூரில் கட்டிக் கொடுத்திருந்தேன், அவளுடைய கோபம் சரியாக ஆறு கிலோமீட்டர் நீளம்.

அதை நான் அளந்தே வைத்திருந்தேன். மாமியார் வீட்டில் சண்டை வந்தால் ஒரு கட்டைப்பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதல் கிலோமீட்டரில் செருப்பு தரையில் படாது. இரண்டாவதில் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வருவாள், எதிரில் வருகிற ஆட்டுக்காரர்கள் ஆட்டையும் ஒதுக்கித் தாங்களும் ஒதுங்குவார்கள். மூன்றாவதில் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் அழுகை, நான்காவதில் மூக்குச் சிந்தல், ஐந்தாவதில் குழாய்ப் பாலத்தின்மேல் உட்கார்ந்து ஒரு கொய்யாப்பழம். ஆறாவது கல்லைத் தொட்டதும் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வரும், மாப்பிள்ளை தினகரனுக்கு மோட்டார் ரூம் சாவி எங்கே இருக்கிறதென்று தெரியாதே என்ற ஞாபகம் வரும், காரைப்புதூர் பக்கம் போகிற மினி பஸ்ஸைக் கைகாட்டி ஏறிவிடுவாள். மூன்று வருடத்தில் பதினோரு முறை கிளம்பினாள். ஒரு முறைகூட வந்து சேரவில்லை.

"அக்கா, இன்னைக்கும் உங்க புள்ள ஆறாங்கல்லு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருச்சுங்க" என்று மினி பஸ் கண்டக்டர் லோகு எங்கள் வாசலில் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டுப் போவான். எனக்கு மூச்சு வரும். என்ன சண்டை என்று நான் கேட்டதில்லை. போனில் "சாப்பிட்டயா கண்ணு" என்பேன், "சாப்ட்டேன்மா" என்பாள், குழம்பில் உப்பு கூடியிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டு வைத்துவிடுவேன். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள் என்று ஊரெல்லாம் என்னைச் சொல்லும். சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கப் பாதிக் கல்யாணத்தில் எழுந்து வந்தவள்தான் நான். ஆனால் மைதிலி விஷயத்தில் அந்த ஒன்பது கிலோமீட்டர் என் கவலையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால் கறக்கச் சொம்போடு கட்டுத்தறிக்குப் போனால், இரண்டு எருமையும் நின்ற இடத்தில் ஒரு துருப்பிடித்த மலை நின்றது. அதன் நீண்ட கழுத்துக்கு நடுவில் ஒரு வேப்பமரம் முளைத்து, தளிர் விட்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் சென்னியப்பன், முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவர், பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிச் சிரிக்காதவர், சிரித்துக்கொண்டு நின்றார்.

"எருமை எங்கீங்க?"

"குவாரிக்காரரு ஊட்டுல நிக்குது."

"இது என்னதுங்க?"

"கிரேடரு. ரோடு நெரவற வண்டி. இருவது வருசமா மூடுன குவாரிக்குள்ள கெடந்துச்சு. ரெண்டு எருமையும் ஓட்டிட்டு வா, இதை எடுத்துக்கன்னாரு."

"பால் குடுக்குமா?"

"ஆறு சக்கரம் புள்ள" என்றார், அதுதான் பதில் என்பதுபோல.

ஆறு சக்கரம் இருந்தது உண்மைதான். பின்னால் நான்கு, முன்னால் இரண்டு, முன்னால் இருக்கிற இரண்டும் காற்றில் சாய்கிற ஆள்போல ஒரு பக்கமாகச் சாயும். நடுவில் ஒட்டகச்சிவிங்கி குனிந்த மாதிரிக் கழுத்து. வயிற்றுக்கு அடியில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு பிளேடு, வாழை இலையை நெடுக்காகக் கிழித்து இரும்பில் செய்தாற்போல. ஓட்டுகிறவர் உட்கார முடியாது, பன்னிரண்டு லீவருக்கு நடுவில் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். எந்த நாட்டில் செய்தார்கள் என்று எழுதியிருந்த தகட்டைத் துரு தின்றுவிட்டிருந்தது. எங்கள் எல்லோருக்கும் மூத்த வண்டி என்பது மட்டும் பார்த்தாலே தெரிந்தது.

ரிப்பேர் எட்டு மாதம் நடந்தது. சங்ககிரியில் லேத் வைத்திருந்த யாசின் பாய் வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். முதலில் வேப்பமரத்தைக் கழுத்திலிருந்து வெட்டாமல் வேரோடு எடுத்துக் கிணற்று மேட்டில் நட்டார்கள், புகைக் குழாயில் இருந்த குருவிக் கூட்டைக் குஞ்சுகள் பறக்கும்வரை தொடவில்லை, இறுகிப்போன பிஸ்டன்களுக்கு மேலே டீசலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவைத்தார்கள். பெரிய எஞ்சின் தானாகக் கிளம்பாது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின், அதைக் கயிறு சுற்றி இழுத்து எழுப்பினால் அது போய்ப் பெரியதை எழுப்பும். பிளேடைத் திருப்புகிற வட்டச் சக்கரத்தில் அறுபத்து நான்கு பல், அத்தனையும் தேய்ந்திருந்தது, பாய் ஒவ்வொரு பல்லாக வெல்டிங்கில் வளர்த்து அரத்தால் ராவினார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தபடி, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க பாய், கைக்கு உறை போடுங்க பாய், ஜாக்கி நழுவுது பாய் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

"தங்கச்சி, இப்பப் பல்லு கட்டறனா, உங்களுக்குப் பதில் சொல்றனா?"

"ரெண்டும் பண்ணுங்க பாய். கை போயிருச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்கல்ல."

கடைசியில் பிளேடின் வெட்டு விளிம்பு. தேய்ந்து தேய்ந்து தேங்காய்த் துருவி மாதிரி ஆகியிருந்தது. "இதுக்கு விளிம்பு எங்கயும் கெடைக்காது. இதைச் செஞ்சவனுக்குப் பேரனே இப்ப இருக்க மாட்டான்" என்று சொன்ன பாய், தன் பட்டறை வாசலில் உயிரை விட்ட ஒரு நேஷனல் பர்மிட் லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். இருபத்தாறு வருடம் ஓடிய லாரி. அஸ்ஸாமுக்கும் காஷ்மீருக்கும் போகாத மாதம் இல்லையாம். அந்தப் பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, வளைவு எடுத்து, துளை போட்டு, பிளேடில் வரிசையாக முடுக்கினார். முடுக்கிவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"தூரம் தின்னே பழகுன இரும்பு. நல்லா வெட்டும்."

பின்னால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூஜை போட்ட அன்று ஆறு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்ததில் ஐந்துதான் நசுங்கியது, ஆறாவது உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது, அதனால்தான் என்று சிலர் சொன்னார்கள். நானும் அந்த ஆறாவது பழத்தை நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை. ஆனால் காரணம் என்னவாக இருந்தாலும் நடந்தது இதுதான்: தகரம் மாதிரி அலை அலையாகக் கிடந்த காரைப்புதூர் ரோட்டை நோம்பித் திருவிழாவுக்கு முன்னால் நிரவித் தரச்சொல்லி இரண்டு ஊர்க்காரர்களும் கேட்டார்கள், இவர் காலையில் புறப்பட்டுப் போய் மத்தியானம் திரும்பி வந்து, கை கழுவி, சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "ரோடு எட்டரைதான் இருக்குது" என்றார்.

"ஒம்பதுங்க."

"ஒம்பதா இருந்துச்சு. மேடும் பள்ளமும் நீளந்தானே புள்ள. நெரவுனாக் கொறையும்."

"கசங்குன சேலையைத் தேச்சா நீளமாகுதுங்க. கொறையறதில்ல."

"அது சேலை. இது ரோடு. ஊறுகாய் வை."

இதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. லோகுதான் முதலில் கண்டுபிடித்தான். மினி பஸ்ஸில் போடுகிற மூன்றாவது பாட்டு பாதியில் இருக்கும்போதே காரைப்புதூர் வந்துவிடுகிறது என்றான். டிரைவர் விரட்டி ஓட்டுகிறார் என்று நினைத்தானாம். அடுத்த வாரம் இன்னொரு ஓட்டு ஓட்டியதும் மூன்றாவது பாட்டே வரவில்லை. மூன்றாவது பாட்டுக்காகவே அந்த பஸ்ஸில் வருகிற ஒரு டீச்சர் கோபித்துக்கொண்டதால் அதை முதலில் போட ஆரம்பித்தான். அவ்வளவுதான், ஊர் அதற்குப் பழகிவிட்டது.

"மாமா, இன்னும் ஒரு ஓட்டு ஓட்டுங்க" என்று ஆளாளுக்கு டீசல் கேனோடு வாசலில் வந்து நின்றார்கள். இவரும் லீவர்களுக்கு நடுவில் தலைப்பாகையோடு நின்றுகொண்டு வாரம் ஒருமுறை போய் வந்தார், வாரம் ஒருமுறை ரோடு குறைந்தது. ரோட்டோரப் புளியமரங்கள் நெருங்கி வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டன, அணில்கள் தரையில் இறங்குவதையே விட்டுவிட்டன. கிலோமீட்டர் கற்கள் கூப்பிடு தூரத்துக்கு வந்தன. கரண்ட் கம்பி மட்டும் குறையவில்லை, கம்பத்துக்குக் கம்பம் ஊஞ்சல் மாதிரித் தொங்கியது, பார்க்க வந்த லைன்மேன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு நோட்டில் 'தொய்வு' என்று எழுதிக்கொண்டு போனார். ரோட்டின் இரண்டு பக்கமும் இருந்த காடுகள் என்ன ஆயின என்றால், அவை சேலைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து நின்றன. தன் காட்டுக்குப் போகிறவர்கள் மடிப்பை விரலால் விலக்கிப் பக்கவாட்டில் நுழைந்தார்கள், உள்ளே போனால் நாலு ஏக்கர் நாலு ஏக்கராகவே இருந்தது, கடலையும் நன்றாகவே விளைந்தது. மடிப்பு மாறி நுழைந்து அடுத்தவன் காட்டில் களை எடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. இரண்டு ஊர் நாய்களும் ஒரு வாரம் கடித்துக்கொண்டன, பிறகு ஒன்றுசேர்ந்து மூன்றாவது ஊர் நாய்களைக் கடிக்கப் போயின. காரைப்புதூரில் கருவாடு வறுத்தால் எங்கள் ஊரில் பசித்தது.

அளந்து பார்க்க ஒரு ஆபீசர் வந்தார். சக்கரம் வைத்த கோலை உருட்டிக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் திரும்பி வந்து, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"ரிக்கார்டுல ஒம்பதுன்னு இருக்குது" என்றார்.

"ஆமாங்க" என்றார்கள் ஊர்க்காரர்கள்.

"அப்ப ஒம்பதுதான்" என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு ஆயிற்று, ஏழரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. என் மகளின் கோபம் ஆறு. ஆறுக்குக் கீழே ரோடு இறங்கிவிட்டால், அடுப்புப் பால் ஞாபகம் வருவதற்கு முன்னால் அவள் என் வாசலில் வந்து நிற்பாள், வந்து நின்றவளை ஊர் பார்க்கும், வாழாவெட்டி என்ற சொல் அதற்காகவே காத்துக்கொண்டிருக்கிறது.

"போதும் நிறுத்துங்க" என்றேன் ஆறரையில்.

"ரோடு நல்லாருந்தா உனக்கு ஏன் புள்ள வயித்தெரிச்சல்?"

"மைதிலி வந்துருவாளுங்க."

இவர் லீவருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமல், "வரட்டுமே" என்றார்.

சின்ன எஞ்சினை இழுக்கிற கயிற்றை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். கட்டுத்தறியில் கிடந்த எருமைத் தும்புக் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் ரோடு ஐந்து ஆனது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் கட்டைப்பையோடு மைதிலி நின்றாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, மூக்கு நுனியில் வியர்வை. பதினோரு முறை கிளம்பியும் வந்து சேர்ந்து பழக்கமில்லாததால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வாசற்படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, வந்துட்டனா?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோபித்துக்கொண்டு வந்த பெண் பிறந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டால் அவள் வந்தது வந்ததாகிவிடும், அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் தேங்காய் பழத்தோடு வந்து கூப்பிட்டால்தான் போகலாம். குடிக்காதவரைக்கும் அவள் சும்மா எட்டிப் பார்க்க வந்தவள்.

"தண்ணி குடும்மா" என்றாள்.

"இரு கண்ணு, அந்தச் செவலக் கோழி கூடையை விட்டு வெளிய வந்துருச்சு, அதைச் சித்தெப் பிடி."

பிடித்தாள். கோபத்தில் இருந்ததால் ஒரே எட்டில் பிடித்துவிட்டாள்.

"தண்ணி."

"கொடத்துல இல்ல சாமி. மோட்டார் போடோணும். அதுக்குள்ள அந்தத் துணியெல்லாம் மடிச்சு..."

"எனக்கு நாக்கு ஒட்டுதும்மா."

நான் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு உண்டான வேலையைத் தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் கட்டுத்தறியிலிருந்து அவளுடைய அப்பா கிரீஸ் கையோடு வந்தார், தானே மொண்டு நிறைசொம்பாகக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தாள். குடித்து முடித்து, ஆறாமல் கொண்டுவந்ததை அப்படியே என் முன்னால் கொட்டினாள்.

அவள் டி.பார்ம் படித்தவள். இரண்டு வருடம் ராசிபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து முதல் வகுப்பில் பாஸானவள். கல்யாணமான மறுநாள் அவளுடைய சர்ட்டிபிகேட் பைலை வாங்கிப் பீரோவுக்குள் வைத்த சம்பந்தி குஞ்சம்மாள், "பத்திரமா இருக்கட்டும் அம்மிணி" என்று சாவியை இடுப்பில் செருகியவள்தான். நால்ரோட்டு மருந்துக்கடையிலிருந்து பல முறை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பைலைக் கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் குஞ்சம்மாள், "இப்ப என்ன அவசரம்" என்றிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் தினகரன் மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டிருக்கிறான்.

"பதினோரு தடவையும் இதேதானா?"

"பன்னெண்டு தடவையும் இதேதாம்மா."

"ஒரு நாளும் சொல்லலயே கண்ணு."

"ஆறாங்கல்லுக்கு வரும்போது சின்னதாப் போயிரும்மா. இதுக்குப் போயான்னு தோணிரும்."

நான் ஏழாவதோடு நின்றவள். என் பெயர் போட்ட காகிதம் என்று ரேஷன் கார்டைத் தவிர இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை. தினமும் வாசல் தெளித்துக் கும்பிட்ட ரோட்டை எட்டிப் பார்த்தேன். அது ஒன்றும் அறியாததுபோல வெயிலில் கிடந்தது.

நான்கு நாள் ஆயிற்று. காரைப்புதூரிலிருந்து தேங்காயும் வரவில்லை, பழமும் வரவில்லை. தினகரன் ஒளிந்து நின்று போன் பண்ணினான். "தானாப் போனவ தானா வரட்டும்னு அம்மா சொல்றாங்கத்தை. நான் என்னங்க பண்றது?" என்றான். பின்னால் மாடு கத்தியது. இப்படியே இன்னும் இரண்டு வாரம் போனால் இது இப்படியே இறுகிவிடும், அந்தப் பிஸ்டன் மாதிரி, பிறகு எந்த எண்ணெய் ஊற்றினாலும் நகராது என்று எனக்குத் தெரிந்தது. யாராவது போய்க் குஞ்சம்மாளிடம் நேருக்கு நேராகக் கேட்க வேண்டும். மைதிலி போக முடியாது, தண்ணீர் குடித்துவிட்டாள். இவர் போனால் சம்பந்தியம்மாள் முன்னால் வாய் திறக்க மாட்டார். நான்தான் போக வேண்டும்.

போனேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மனசுக்குள் வார்த்தையை வரிசையாக அடுக்கிக்கொண்டு, கோபமாகத்தான் போனேன். முதல் புளியமரம் தாண்டுவதற்குள், கேட்டால் மைதிலியை அடியோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. இரண்டாவது மரத்தில், சம்பந்திக்கு ரத்தக் கொதிப்பு உண்டே, ஏதாவது ஆகிவிட்டால் என்று தோன்றியது. மூன்றாவது மரத்தில் சிலிண்டரை மூடினேனா என்று தோன்றித் திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் போனேன், மறுநாளும் மூன்றாவது மரம். என் மகளின் கோபம் ஆறு கிலோமீட்டர். என்னுடையது மூன்று மரம்.

திண்டாடித் திரும்பி வந்து கட்டுத்தறியில் போய் நின்றேன்.

"ஏனுங்க, இன்னும் ஒரு ஓட்டு ஓட்டுங்க."

இவர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எவ்வளவுக்குக் கொறைக்கோணும்?"

"மூணு மரத்துக்குக் கீழ."

அரிசி டிரம்மிலிருந்து கயிற்றை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சின்ன எஞ்சின் பக்கம் போனார்.

அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை கிரேடர் போனது, வந்தது, போனது, வந்தது. பாய் சங்ககிரியிலிருந்து வந்து பின்னாலேயே நடந்து வந்து போல்ட்டுகளை முடுக்கினார். ஒவ்வொரு ஓட்டிலும் போன நேரத்தைவிட வந்த நேரம் குறைந்தது. மூன்று மணிக்கு ரோடு மினி பஸ்ஸின் நீளத்துக்கு வந்துவிட்டது. ஊமத்தம்பாளையத்தில் பின்வாசல் வழியாக ஏறியவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே நடந்து முன்வாசல் வழியாகக் காரைப்புதூரில் இறங்கினார்கள். லோகு நடுவில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று வழக்கம்போலவே சொன்னான். அந்த டீச்சர் மட்டும் பாட்டு முடியும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு பஸ்ஸை நகர்த்தி ஓரங்கட்டிவிட்டு இவர் கடைசி ஓட்டு ஓட்டினார். ஒன்பது கிலோமீட்டர் கற்களும் அடுக்கிவைத்த தட்டுகள் மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. கிரேடரின் முன்சக்கரம் காரைப்புதூரில் நிற்க, பின்சக்கரம் எங்கள் வாசலில் நின்றது.

மறுநாள் விடிந்ததும் எழுந்து பல் விளக்கினேன். சிலிண்டரை மூடினேன். மூடியதை மைதிலியைக் கூப்பிட்டுக் காட்டி, "மூடியிருக்குதுதானே? நல்லாப் பாத்துச் சொல்லு" என்று சாட்சி வைத்துக்கொண்டேன். பிறகு பன்னிரண்டு தடவை என் மகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்ததையெல்லாம் நினைத்தேன். மாட்டுக்குத் தீனி வைக்கப் போன மாப்பிள்ளையை நினைத்தேன். இடுப்பில் செருகிய சாவியை நினைத்தேன். உள்ளங்கால் சூடானதும் வாசலைத் தாண்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று எட்டு. சம்பந்தி வீட்டு வாசலில் நின்றேன். கோபம் முழுதாக இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

குஞ்சம்மாள் தலையை விரித்துப் போட்டு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல்செட் பக்கத்தில் டம்ளர் தண்ணீரில் கிடந்தது. முன்பெல்லாம் நாங்கள் வருகிறோம் என்றால் மினி பஸ் திரும்பும்போதே தகவல் போய்விடும், அவளும் பட்டுக்கரைச் சேலையும் பல்லும் சம்பந்தி முகமும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இப்போது அதற்கு மூன்று எட்டு நேரம்தான் கிடைத்தது. என்னை அண்ணாந்து பார்த்தது யாரோ ஒரு வயதான பெண்பிள்ளை.

"என்ற புள்ளயோட பைலைக் குடுங்க" என்றேன்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க, காப்பி..."

"பைலுங்க."

"தலைல எண்ணெ..."

"கழுவிட்டு வாங்க. நிக்கறேன்."

உள்ளேயிருந்து தினகரன் தலையை நீட்டினான், என் முகத்தைப் பார்த்ததும் மாட்டுப் பக்கம் திரும்பினான், "மாப்ள, மாடு சித்தெப் பொறுக்கும், இங்கியே நில்லுங்க" என்றேன், நின்றான். குஞ்சம்மாள் எழுந்தாள், எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள், இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள். நீல நிற பைல். அதன்மேல் மைதிலி என்று அவளுடைய குண்டு எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள், நீட்டியவள் விடாமல் பிடித்துக்கொண்டே, பல்லில்லாத வாயால் மெதுவாகச் சொன்னாள்.

"மூணு வருசமா ஒருத்தரும் வந்து கேக்கலீங்களே சம்பந்தி. பெத்தவீகளே கேக்காத காயிதம் என்ன பெருசா இருந்துரப் போகுதுன்னுதான் வெச்சிருந்தனுங்க."

இதைச் சொல்லுவாள் என்று நான் கவலைப்பட்டதே இல்லை.

"தூரமுங்க" என்றேன்.

"ஆமாங்க" என்றாள் அவள். பைலை விட்டுவிட்டாள். பிறகு டம்ளரிலிருந்து பல்லை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு, மாமியார் குரலில், "தினகரா, நிக்கறயே, போயி ஒரு தேங்காயும் ஒரு சீப்புப் பழமும் வாங்கியா. புள்ளயக் கூப்பிடப் போகோணுமில்ல. மருந்துக்கட வேலைக்குப் போறவ, தலைக்குத் தண்ணி வாத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

நான் வாசலுக்கு வந்தேன். எதிரில் மூன்றே எட்டில் எங்கள் வாசல், வாசலில் மைதிலி, நகத்தைக் கடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு. எனக்கு வந்தது மூன்று வருடத்துக்கு உண்டான அழுகை, மூன்று எட்டில் அதை அழுது முடிக்க முடியாது, முடிக்காமல் அவள் முன்னால் போய் நிற்கவும் முடியாது. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி பைலைக் கொடுத்தேன். அவளும் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"வாம்மா" என்றாள்.

"நீ போ கண்ணு, அவங்க வருவாங்க. நான் காட்டு வழியா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த மடிப்பை விலக்கி உள்ளே நுழைந்தேன்.

உள்ளே ஒன்பது கிலோமீட்டரும் அப்படியே இருந்தது. கடலைக்காடு தாண்டி, எள்ளுக்காடு தாண்டி, வரப்பில் ஒரு மனிதர் இல்லை, பார்க்க ஒரு நாய் இல்லை. முதல் நான்கு கிலோமீட்டர் சத்தமாக அழுதேன். ஐந்தாவதில் மூக்கைச் சிந்தினேன். ஆறாவதில் ஒரு கிணற்றில் முகம் கழுவினேன். ஏழாவதில் மனசுக்குள் ஒன்றுமே இல்லை, அப்படி ஒரு காலி இடம் எனக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது, பயந்துபோய் வேகமாக நடந்தேன். எட்டாவது கிலோமீட்டரில், அவரைக்கொடிப் பந்தலுக்குப் பக்கத்தில், மருந்துக்கடையில் ஒரு மாத்திரைக்குப் பதிலாக இன்னொரு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டால் என் மகள் என்ன செய்வாள் என்ற புத்தம்புதுக் கவலை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அதோடு பேசிக்கொண்டே நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.